பைட்கோடில் ஒப்பீட்டுக் கட்டளைகள்

அடுக்குவழி இயங்கும் மெய்நிகர் எந்திரங்களில், அடுக்கின் உச்சியிலுள்ள மதிப்புகளை எடுத்து அவை சமமா, பெரிதா, சிறிதா என்று பார்ப்பவை ஒப்பீட்டுக் கட்டளைகள். இவை இரு வகைப்படும்: விடையை மீண்டும் அடுக்கில் வைப்பவை, விடைக்கேற்ப நிரலின் வேறிடத்துக்கு உடனே தாவுபவை.

1970களில் சூரிக்கில் நிக்லாஸ் விர்த்தின் குழு பாஸ்கல் மொழிக்காக உருவாக்கிய பி-கோடு முதல் வகையைச் சேர்ந்தது. அதன் ஆறு ஒப்பீடுகளும் மெய் அல்லது பொய் என்ற மதிப்பை அடுக்கில் வைத்தன. பொய்யானால் தாவுவதற்கு வேறொரு கட்டளை இருந்தது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995இல் அறிமுகப்படுத்திய ஜாவா இரு வகைகளையும் கலந்தது. 32 பிட் முழு எண்களை ஒப்பிடுவதும் தாவுவதும் அதில் ஒரே கட்டளை. 159 முதல் 164 வரையான குறியெண்கள் இதற்குரியவை. குறியெண் ஒரு பைட் மட்டுமே என்பதால் 256 கட்டளைகளுக்கு மேல் இடமில்லை. அதனால் எல்லா எண் வகைகளுக்கும் ஒரே கட்டளையில் ஒப்பிட்டுத் தாவும் இந்த வசதி கிடைக்கவில்லை. 64 பிட் முழு எண்களையும் மிதவைப்புள்ளி எண்களையும் ஒப்பிட்டால் −1, 0, 1 ஆகியவற்றில் ஒன்று அடுக்கில் ஏறும். அடுத்த கட்டளை அதைப் பூச்சியத்தோடு ஒப்பிட்டுத் தாவும்.

மிதவைப்புள்ளியில் ஒரு சிக்கல் உண்டு. 1985இன் ஐஇஇஇ 754 தரப்படி, 'எண் அல்ல' என்னும் மதிப்பு எதைவிடவும் பெரிதோ சிறிதோ அன்று. தனக்கே சமமும் அன்று. அதனால் ஜாவாவில் இக்கட்டளைகள் இரட்டையாக உள்ளன: அம்மதிப்பு வந்தால் ஒன்று −1 தரும், மற்றது 1 தரும். 'அ < ஆ' என்ற நிபந்தனைக்குக் கம்பைலர் இரண்டாவதைத் தேர்ந்து, விடை பூச்சியமோ அதற்கு மேலோ ஆனால் தாவச் சொல்லும். இதனால் 'எண் அல்ல' வந்தாலும் நிபந்தனை பொய்யாகவே முடியும்.

2002இல் வெளியான டாட்நெட் தளம் இரு வகைகளையும் தந்தது. ஆனால் அடுக்கில் விடை வைப்பவற்றில் சமம், பெரிது, சிறிது ஆகியவை மட்டுமே உண்டு; 'சமமல்ல' வேண்டுமானால் சமத்தின் விடையைப் பூச்சியத்தோடு ஒப்பிட வேண்டும்.

2017இல் உலாவிகளுக்கு வந்த வெப்அசெம்பிளி பி-கோடின் வழிக்கே திரும்பியது. அதன் ஒப்பீடுகள் 0 அல்லது 1 வைக்கின்றன. தாவல் தனிக் கட்டளை. மிதவைப்புள்ளிக்கும் ஆறு ஒப்பீடுகளும் தனித்தனியே இருப்பதாலும், ஒவ்வொன்றும் மெய் அல்லது பொய் என நேரடி விடை தருவதாலும், ஜாவாவின் இரட்டைக் கட்டளைகள் அதற்குத் தேவைப்படவில்லை.