ராயபுரம் வீட்டுக்கு 4 ஸ்மார்ட் ஐடியா... எதை நீங்களே செய்யலாம், எதைத் தொடக் கூடாது?

‘ஸ்மார்ட் ஹோம்’னு சொன்னதும் குரல் கொடுத்தா எரியுற பல்புதான் நம்ம ஞாபகத்துக்கு வரும். ஆனா ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் குடியிருக்கறவங்களுக்கு அதைவிட அவசரமான வேலைகள் இருக்கு. மாடித் தொட்டி வழியுதா, மழைத்தண்ணி வாசல் ஏறிடுச்சா, சிலிண்டர் கசியுதா... இதையெல்லாம் கவனிக்கிற வீட்டை நீங்களே தயார் பண்ணலாம்.

இதுக்கு மூளை, ‘ஈஎஸ்பி32’ என்கிற சின்ன போர்டு. வைஃபை, புளூடூத் இரண்டும் அதிலேயே இருக்கும். சில நூறு ரூபாய்தான். சென்சார், பஸ்ஸரோடு சேர்த்து ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிடலாம். புரோகிராம் எழுதுற ‘ஆர்டுய்னோ ஐடிஇ’ மென்பொருள் இலவசம்.

1. தொட்டி நிரம்பினா மோட்டார் ஆஃப்

மாடித் தொட்டியில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச், சம்ப்பில் இன்னொன்று. மேலே நிரம்பினாலும் சரி, கீழே தண்ணி தீர்ந்தாலும் சரி, மோட்டார் நிற்கணும். ஒரு எச்சரிக்கை: மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். போர்டோடு விற்கிற குட்டி ரிலே அதைத் தாங்காமல் உள்ளே ஒட்டிக்கிட்டா, மோட்டார் நிற்காது. அதனால் நடுவில் ஒரு கான்டாக்டர் வேணும். அதை எலெக்ட்ரீஷியன்தான் மாட்டணும்.

2. வாசலில் தண்ணி ஏறினா அலாரம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை, சென்னையில் ஏராளமான வீடுகளுக்குள் புகுந்தது. தரைத்தள வீடுன்னா, வாசற்படிக்குக் கீழே ஒரு வாட்டர் சென்சார் வையுங்க. மழை வலுத்தா முதலில் போறது கரன்ட், கூடவே வைஃபை. அதனால் போனுக்கு வரும் மெசேஜை மட்டும் நம்பாதீங்க. பவர் பேங்க்கில் ஓடுற பஸ்ஸர் கட்டாயம்.

3. சிலிண்டர் கசிஞ்சா சத்தம்

‘எம்க்யூ-6’ சென்சார் சமையல் கேஸை உணரும். இந்த கேஸ் காற்றைவிட கனமானது, தரையோடு தங்கும். அதனால் சென்சாரைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் மாட்டுங்க. ‘கேஸ் கசிஞ்சா எக்ஸாஸ்ட் ஃபேன் தானா ஓடும்’னு வீடியோக்களில் காட்டுறதை மட்டும் செய்யாதீங்க. சுவிட்ச், ரிலே, ஃபேன் மோட்டார் எதில் தீப்பொறி வந்தாலும் வெடிக்கும். போர்டு, பஸ்ஸர் இரண்டையும் சமையலறைக்கு வெளியே வையுங்க. அலாரம் அடிச்சா ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னலைத் திறந்துட்டு, வெளியே வந்து 1906-க்கு போன் பண்ணுங்க. எந்த சுவிட்சையும் தொட வேண்டாம். கடையில் விற்கிற தரச் சான்று பெற்ற கேஸ் அலாரம்தான் முதல் காவல்; நீங்க செய்றது இரண்டாவது.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து வெளியேறினாங்க. அதுக்கும் ஒரு சென்சார் வைக்கலாமேனு தோணும். ஆனா ‘எம்க்யூ-135’ அமோனியாவுக்கும் அடிக்கும், புகைக்கும் அடிக்கும்; எதுன்னு பிரிச்சுச் சொல்லாது. நெடி வந்தா அலாரத்துக்குக் காத்திருக்காம, ஈரத்துணியால் மூக்கை மூடிட்டு அந்த இடத்தை விட்டுக் கிளம்பிடுங்க.

4. படிக்கட்டில் தானா எரியுற லைட்

ஒடுக்கமான இருட்டுப் படிக்கட்டுக்கு ‘பிஐஆர்’ சென்சார் போதும். உடம்புச் சூடு நகர்வதை உணர்ந்து லைட்டைப் போடும். 5 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் போட்டா ஷாக் பயமில்லை. புதுசா ஆரம்பிக்கறவங்க இதிலிருந்து தொடங்கலாம்.

கடைசியா, கடற்கரைக்காரங்களுக்கு ஒண்ணு. உப்புக்காற்றில் செம்பு முனைகள் பச்சை பூத்துடும். போர்டை மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வெச்சு, ஷூ பாக்ஸில் வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒண்ணைப் போடுங்க. மாசம் ஒரு தடவை ஃப்ளோட்டைத் தூக்கிப் பாருங்க, வாட்டர் சென்சாரை நனைச்சுப் பாருங்க.

விதி ஒண்ணே ஒண்ணுதான்: 5 வோல்ட் உங்க வேலை, 230 வோல்ட் எலெக்ட்ரீஷியன் வேலை!