தாடி சொன்ன தேதி

போப் இரண்டாம் ஜூலியஸை ரஃபேல் வரைந்த உருவப்படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. நாற்காலியில் அமர்ந்த கிழவர், நீண்ட வெண்தாடி, தாழ்ந்த பார்வை. சோர்ந்துபோன முதியவர் என்று முகத்தைப் பார்த்தே முடிவுகட்டிவிடத் தோன்றும். முகத்தை நம்புவதற்கு முன் சுற்றியிருப்பவற்றை விசாரிப்பது நல்லது.

நாற்காலித் தூண்களின் உச்சியில் பொன்னிற ஓக் கொட்டைகள். ஓக் மரம் ஜூலியஸ் பிறந்த தெல்லா ரொவேரே குடும்பத்தின் சின்னம். அமர்ந்திருப்பவர் யார் என்பதில் ஐயமில்லை. எப்போது வரையப்பட்டது என்பதைத் தாடி சொல்கிறது. அக்காலப் போப்புகள் தாடி வைப்பதில்லை. போர்முனைக்கே நேரில் போகும் ஜூலியஸ், 1510 இறுதியில் நோயுற்றிருந்தபோது தாடி வளர்க்கத் தொடங்கினார். பிரெஞ்சுப் படையை இத்தாலியிலிருந்து விரட்டும்வரை மழிப்பதில்லை என்று சபதம் செய்ததாகப் பேச்சு. 1511 மே மாதம் பொலோஞா நகரம் கைநழுவியது. ஜூனில் தாடியோடு ரோம் திரும்பினார். 1512 வசந்தத்தில் தாடி போய்விட்டது. படம் இந்த இடைவெளிக்குள் அடங்குகிறது. ஆக, அந்தக் கண்களில் தெரிவது முதுமையின் பொதுவான துயரம் அல்ல, தோற்றவரின் யோசனை. வலக்கை கைக்குட்டையைத் தளர்வாகப் பிடித்திருக்க, மோதிரங்கள் அணிந்த இடக்கையோ நாற்காலிப் பிடியை இறுகப் பற்றியிருக்கிறது. அந்தக் கை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

ரோமின் சாந்தா மரியா தெல் போபோலோ தேவாலயத்தில் வைக்கப்பட்டிருந்த இப்படத்துக்கு நகல்கள் பல எழுந்தன. 1824இல் நேஷனல் கேலரிக்கு வந்த இந்தப் பலகையும் நகல்தான் என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டது. 1970இல் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, பச்சைப் பின்னணிக்கு அடியில் போப்பின் மணிமுடியும் குறுக்கிட்ட சாவிகளும் தெரிந்தன. ரஃபேல் முதலில் இந்தச் சின்னங்கள் கொண்ட அலங்காரத் திரை தீட்டி, பிறகு மனம் மாறி அதை மூடியிருக்கிறார். நகலெடுப்பவருக்கு மனம் மாற வேண்டிய தேவை ஏது?

இந்தப் படத்துக்கு முன் போப்புகளைப் பெரும்பாலும் பக்கவாட்டிலோ, மண்டியிட்டு வணங்குபவராகவோதான் வரைந்தார்கள். ரஃபேல் ஜூலியஸைச் சற்றே திருப்பி உட்கார வைத்து, பார்ப்பவரை அருகில் நிற்க வைத்தார். ஓவியர் டிஷியன் இந்தப் படத்தை நகலெடுத்தார். போப் மூன்றாம் பவுலை வரையும்போது இதே அமர்வை எடுத்துக்கொண்டார். 1650இல் வெலாஸ்கெஸ் தீட்டிய பத்தாம் இன்னசென்ட் படமும் அந்த வழியில் வந்ததே. ஆனால் அந்தப் போப்பின் பார்வை தாழவில்லை. பார்ப்பவரை நேராகத் துளைக்கிறது.