கடலறியாச் சமவெளியின் கடற்படையினர்

சேர்வராயன், கல்வராயன், கொல்லி மலைகளுக்கிடையே விரிந்து, மேற்கில் காவிரியை எல்லையாகக் கொண்ட சேலம் - நாமக்கல் சமவெளிக்குக் கடற்கரை கிடையாது. கடலூர்க் கரைக்கே கிழக்கு நோக்கி ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்ல வேண்டும். 1965-இல் தருமபுரியும் 1997-இல் நாமக்கல்லும் தனி மாவட்டங்களாகப் பிரியும் வரை ஒரே சேலம் மாவட்டமாக இருந்த இந்த நிலம், வரலாற்று நூல்களில் நெசவுக்கும் இரும்புக்கும் மாங்கனிக்கும் வறட்சிக்கும் உரியதாகவே பேசப்பட்டு வந்துள்ளது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் போர்க்காலங்களில் இத்தகைய உள்நாட்டு மாவட்டங்களின் இளைஞர்களும் கடற்படையில் சேர்ந்தார்கள் என்பதும், கடலில் மாண்டவர்களை அவர்தம் ஊர்கள் எவ்வாறு நினைவில் வைத்தன என்பதும் வரலாற்றில் உரிய இடம் பெறாதவை.

கடல் கடப்பது இந்த மக்களுக்கு முற்றிலும் புதிதன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின் போதும் அதற்குப் பின்னரும், தோட்டக் கூலிகளைத் திரட்டி அழைத்துச் சென்ற கங்காணிகளின் பின்னே சேலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலிருந்து ஏராளமான குடும்பங்கள் இலங்கைக்குச் சென்றன. ஆனால் அவர்கள் கப்பலில் ஏற்றிச் செல்லப்பட்டவர்கள். கப்பலைச் செலுத்துவோராக இச்சமவெளியின் பிள்ளைகள் சென்றது பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரோடு தொடங்கிய கதை.

1934-இல் ராயல் இந்திய கடற்படை எனப் பெயர் பெற்ற படையில், போர் மூண்ட 1939-இல் மாலுமிகள் ஏறத்தாழ 1,700 பேரே இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கொங்கணக் கரையிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் எடுக்கப்பட்டவர்கள். போர் முடியும்போது அந்த எண்ணிக்கை 25,000-ஐத் தாண்டிவிட்டது. பொறி, கம்பியில்லாத் தந்தி, சமிக்ஞை ஆகிய பிரிவுகளுக்குப் பள்ளிப் படிப்புள்ள இளைஞர்கள் தேவைப்பட்டதால், ஆளெடுப்பு பழைய வட்டாரங்களைக் கடந்து சென்னை மாகாணத்துக்குள்ளும் பரவலாயிற்று. விலைவாசி ஏறி, நூல் கிடைக்காமல் கைத்தறிகள் முடங்கிய அந்த ஆண்டுகளில், மாதச் சம்பளமும் சீருடையும் மூன்று வேளைச் சாப்பாடும் தரும் வேலை எளிதில் ஒதுக்கத்தக்கதாக இருக்கவில்லை. ஆனால் இதே மாவட்டம்தான் விடுதலை இயக்கத் தலைவர்களான சேலம் விஜயராகவாச்சாரியாரையும் ராஜாஜியையும் தந்தது. இந்தியரைக் கேளாமலே இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டதற்கு எதிராக 1939-இல் ராஜாஜியின் அமைச்சரவை பதவி விலகியது. அடுத்த ஆண்டு அவரே சிறை புகுந்தார். ஒரே வட்டாரத்திலிருந்து சிலர் சிறைக்கும் சிலர் படைக்கும் சென்றதை நாட்டுப்பற்றின் இருப்பாகவோ இன்மையாகவோ எடைபோடுவது நேர்மையான வரலாறாகாது. இரண்டாம் வகையினரில் பலரை அனுப்பி வைத்தது வீட்டின் நிலைமை.

படையில் சேர்ந்த இளைஞன் சேலம் சந்திப்பில் ரயிலேறிப் பம்பாய்க்கோ கராச்சிக்கோ சென்றான். பதினைந்து, பதினாறு வயதினரான ‘பாய்’ நிலை மாலுமிகளுக்குக் கராச்சியின் மனோரா தீவில் பகதூர் என்ற பயிற்சித் தளம் இருந்தது. கயிற்று முடிச்சு, துடுப்பு, துப்பாக்கி, நீச்சல் ஆகியவை அடிப்படைப் பயிற்சிகள். இச்சமவெளியின் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாமல் இல்லை. இடுப்பில் காய்ந்த சுரைக்குடுவையைக் கட்டிக்கொண்டு இறவைக் கிணற்றில் இறங்கி, குடுவையை அவிழ்த்த பின்னும் மிதக்கப் பழகி, பின்பு மோட்டார் அறையின் கூரையிலிருந்து தலைகீழாகக் குதிக்கும் வரை தேறுவது இங்கே சிறுவர்களின் வழக்கம். ஆனால் நாற்புறமும் கல்சுவர் சூழ்ந்த கிணற்று நீரில் எந்தப் பக்கம் கை போட்டாலும் பிடிமானம் உண்டு. உடைந்த கப்பலிலிருந்து வழிந்த எண்ணெய் மிதக்கும் இரவுக் கடலில் அது இல்லை.

கப்பலில் மாலுமியின் உலகம் குறுகியது. ‘மெஸ் டெக்’ எனப்பட்ட தாழ்வான கீழ்த்தளத்தில் உண்பதும், அங்கேயே தொங்குதூளியில் உறங்குவதும், நான்கு மணி நேர முறைக் காவலுமாக நாள் கழிந்தது. ஸ்டோக்கர் எனப்பட்ட கொதிகலன் பணியாளர் நீர்மட்டத்துக்கும் கீழே கடும் வெப்பத்தில் வேலை செய்தனர். கப்பல் தாக்குண்டால் மேலே வர மிகக் குறைந்த வாய்ப்புள்ளவர்களும் அவர்களே. வீட்டுக்கு எழுதிய கடிதம் தணிக்கைக்குப் பின்பே சென்றது. கப்பல் எங்கே நிற்கிறது என்று எழுத அனுமதியில்லை. உணவின் தரமும் அதிகாரிகளின் இனவெறிச் சொற்களும் சேர்ந்து மூட்டிய கசப்பே 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாய் தல்வார் தளத்தில் வேலைநிறுத்தமாக வெடித்துப் பிற துறைமுகங்களுக்கும் பரவியது.

இந்திய மாலுமிகளின் போர்க்கால இழப்புகளுள் சுதந்திரத்துக்குப் பிந்திய மிகப் பெரியது குக்ரி கப்பலுடையது. இங்கிலாந்தில் கட்டப்பட்டு 1958-இல் படையில் சேர்ந்த அது, நீர்மூழ்கிகளை வேட்டையாடவென்றே வடிவமைக்கப்பட்ட ஃப்ரிகேட் வகைச் சிறு போர்க்கப்பல். நீருக்குள் ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் பொருளைக் கண்டறியும் சோனார் கருவியே அதன் கண். 1971 இந்திய - பாகிஸ்தான் போரில், டிசம்பர் தொடக்கத்தில் இந்திய ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கிய பின், குஜராத் கரையையொட்டிப் பாகிஸ்தான் நீர்மூழ்கி ஒன்று உலவுவது தெரியவந்ததால், குக்ரியும் அதன் துணைக் கப்பலான கிர்பானும் அதைத் தேடி அனுப்பப்பட்டன. எதிரே இருந்த ஹாங்கோர் பிரான்சில் கட்டப்பட்ட புதிய நீர்மூழ்கி. குக்ரியின் பழைய சோனார் எட்டக்கூடிய தொலைவைக் காட்டிலும் பன்மடங்கு தொலைவிலிருந்தே அது கப்பல்களைக் கேட்கவல்லது. சோனாரின் திறனைக் கூட்டுவதற்கான ஒரு சோதனைக் கருவி அப்போது குக்ரியில் பொருத்தப்பட்டிருந்ததும், அதன் பொருட்டுக் கப்பல் வேகத்தைக் குறைத்துச் சென்றதும் இன்றளவும் கடற்படை ஆய்வாளர்களிடையே விவாதப் பொருள்கள். மெதுவாகச் சென்றது மட்டுமே அழிவுக்குக் காரணம் என்று முடிப்பதைவிட, வேட்டைக்குச் சென்ற கருவி இரையினுடையதைவிடப் பின்தங்கியிருந்தது என்பதே பொருத்தமான முடிவு.

டிசம்பர் 9 இரவு, டையூவுக்குத் தென்மேற்கே, ஹாங்கோர் ஏவிய முதல் டார்பிடோ, அதாவது நீருக்கடியில் தன்னைத்தானே செலுத்திக்கொண்டு செல்லும் வெடிகுண்டு, கிர்பானின் அடியில் வெடிக்காமல் கடந்தது. அடுத்தது குக்ரியைத் தாக்கிற்று. சில நிமிடங்களுக்குள் கப்பல் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். 67 பேர் மீண்டனர். கேப்டன் மகேந்திர நாத் முல்லா தம் உயிர்காப்பு மேலாடையை ஒரு மாலுமிக்குத் தந்துவிட்டுக் கப்பலோடு மூழ்கினார் என்று தப்பியோர் கூறினர். அவருக்கு மகாவீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட முதல் போர்க்கப்பல் குக்ரியே. அதே 1971 போரின் தொடக்கத்தில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிய பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸியில் ஒருவர்கூடத் தப்பவில்லை. அங்கும் மாண்டோரில் பலர் இளைஞர்களே. அவர்களுடைய தாய்மாரின் துயரைக் குறைத்துச் சொல்ல வேண்டிய தேவை எந்த நாட்டு வரலாற்றாசிரியருக்கும் இல்லை.

கடலில் மாண்டவனின் இழப்பு உள்நாட்டுக் கிராமத்தில் வேறு விதமாகக் கனத்தது. தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று அஞ்சிய காலத்தில், உடலின்றி, ‘காணவில்லை’ என்ற சொல்லோடு வரும் தந்தி துக்கத்தைத் தொடங்கவும் விடாது, முடிக்கவும் விடாது. குளிப்பாட்டுவது, கோடித்துணி போர்த்துவது, வாய்க்கரிசி இடுவது, கொள்ளி வைப்பது என ஒவ்வொரு சடங்கும் உடலைச் சுற்றியே அமைந்தது. உடல் கிடைக்காதபோது தர்ப்பைப் புல்லால் உருவம் செய்து எரியூட்டும் முறை சில சமூகங்களில் உண்டு. ஆனால் மகன் எங்கோ கரையேறியிருப்பான் என்று நம்பும் தாயிடம் அதற்கு இசைவு பெறுவது எவ்வாறு? ஏழு ஆண்டுகள் செய்தி இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்றது அப்போது நடைமுறையில் இருந்த 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம். படைத்துறை அவ்வளவு காலம் காத்திராமல், மூழ்கிய கப்பலில் இருந்தோரை இறந்தோராகவே கணக்கிட்டு ஓய்வூதியம் வழங்கியது. தாள்களில் முடிவான மரணம் வீட்டில் முடிவாகப் பின்னும் நாளாயிற்று.

பழைய சேலம் மாவட்டத்தின் வடபகுதியான இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம் நடுகற்கள் நிறைந்தது என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். தொறு எனப்பட்ட ஆநிரையை மீட்கும் பூசலில் விழுந்த வீரனுக்கு, அரசனின் ஆட்சியாண்டையும் ஊரையும் பூசலையும் வீரனின் பெயரையும் பொறித்துக் கல் நாட்டும் வழக்கம் இங்கே பல்லவர் காலம் தொட்டு நெடுங்காலம் நிலவியது. அரசனின் பெயரோடு ஒரு சிற்றூர்க் காவலனின் பெயரும் ஒரே கல்லில் நிற்பதே அதன் பெருமை.

ஆனால் கடற்படையினருக்கான நினைவிடங்கள் ஊரைவிட்டு வெகுதொலைவில் உள்ளன. இரண்டாம் உலகப் போரில் கடலில் மாண்டு கல்லறையற்றுப் போன பிரிக்கப்படாத இந்தியாவின் கடற்படை, வணிகக் கப்பல் மாலுமிகள் 6,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் பேணப்படும் பதிவேடுகளில் உள்ளன. குக்ரியின் மாதிரி டையூக் கடற்கரைக் குன்றில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறது. 2019-இல் திறக்கப்பட்ட டெல்லி தேசியப் போர் நினைவகத்தின் வட்டச் சுவர்களில், சுதந்திரத்துக்குப் பின் மாண்ட 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் கருங்கற்களில் பொறிக்கப்பட்டுள்ளன. முழு நாட்டுக்கும் பொதுவான அந்த வரிசையில் ஒரு மாவட்டத்தின் பிள்ளைகளைத் தனியே தேடி எடுப்பது எளிதன்று. படைவீரர் குடும்பங்களின் ஓய்வூதியம் முதலிய நலன்களைக் கவனிக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் சேலத்திலும் நாமக்கல்லிலும் உண்டு. அங்குள்ள கோப்புகளையும் மும்பைப் பதிவேட்டையும் ஒப்பிட்டு, பெயர், ஊர், கப்பல், நாள் ஆகிய நான்கையும் தாங்கிய மாவட்டப் பட்டியல் ஒன்றைத் தொகுத்து அச்சிடுவது உள்ளூர் வரலாற்றுத் துறையினர் முதலில் செய்ய வேண்டிய பணி. மாண்டவர்களை நேரில் அறிந்த உடன்பிறந்தோர் முதுமையில் இருப்பதால் அது தள்ளிப்போடத் தக்கதன்று.