இசைத்தட்டும் இறக்கிய பாட்டும்



தேனி நகரை அடுத்து, கம்பம் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் பழனிசெட்டிபட்டி. இப்பகுதியில் ஒரு வீட்டில் திருமணம் என்றால், அதனை ஊருக்கு அறிவிப்பது பந்தலருகே உயரக் கட்டிய குழாய் ஒலிபெருக்கியேயாகும். முன்னாளில் ஒலிபெருக்கிக்காரர் பெட்டி நிறைய இசைத்தட்டுகளைச் சுமந்து வருவார். பின்னர் அப்பெட்டியில் ஒலிநாடாக்கள் வந்தன. அதன்பின் குறுந்தகடுகள் வந்தன. இன்றோ பெட்டியே இல்லை. அவர் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி ஒன்றே போதுமானது. பாட்டு மறையவில்லை, அதை நாம் வைத்துக்கொள்ளும் விதம் மாறிவிட்டது. இம்மாற்றத்தால் நாம் பெற்றது யாது, இழப்பதற்குரியது யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஒலியைப் பதிந்து மீண்டும் கேட்கும் கருவியை எடிசன் 1877-ஆம் ஆண்டில் கண்டார். அவர் ஒலியைப் பதிந்தது உருளையில். பத்தாண்டுகளுக்குப் பின் எமில் பெர்லினர் என்பார் உருளைக்குப் பதிலாகத் தட்டையான வட்டைக் கொண்டுவந்தார். இதனால் விளைந்த நன்மை பெரிது. ஓர் அச்சைக் கொண்டு ஆயிரக்கணக்கான தட்டுகளை அழுத்தி எடுக்க முடிந்தது. 1902-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டுப் பதிவாயிற்று. சில ஆண்டுகளில் தமிழ்ப் பாட்டுகளும் தட்டேறின. அரக்குக் கலவையால் ஆன அத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும். கைதவறினால் உடைந்துபோகும்.

ஆயினும் உடையும் அப்பொருளே நமக்கு ஒரு பெருஞ்செல்வத்தைக் காத்துத் தந்தது. செங்கோட்டையில் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா நாடக மேடையை ஆண்ட பாடகர். முப்பது வயது நிறைவதற்கு முன்னரே, 1933-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். திரைப்படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. அக்குரலை இன்று நாம் கேட்கிறோமெனில், அதற்குக் காரணம் இசைத்தட்டுகளே. யாரோ ஒருவர் விலை கொடுத்து வாங்கினார். அவர் மகன் பரணில் ஏற்றினான். பேரன் தூசி தட்டி எடுத்தான். இவ்வாறு பல கைகள் மாறியன்றோ அக்குரல் நம்மை வந்தடைந்தது!

இதற்கு மாறான செய்தியும் ஒன்று உண்டு. தமிழின் முதற் பேசும்படம் எனப்படும் ‘காளிதாஸ்’ 1931-ஆம் ஆண்டில் வெளிவந்தது. டி. பி. ராஜலட்சுமி நடித்த அப்படம் இன்று காணக் கிடைப்பதில்லை. மக்கள் அதனைக் கொட்டகையில் காசு கொடுத்துக் கண்டார்கள். வீட்டுக்குக் கொண்டுசென்றவர் எவருமில்லை. காண்பது வேறு, கையில் வைத்திருப்பது வேறு என்பதை இவ்விரண்டு செய்திகளும் உணர்த்துகின்றன.

தட்டுகளின் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. இசைப்பெட்டி வைத்திருந்தவர் வசதி படைத்தவர். ஏனையோர் திண்ணையிலிருந்து கேட்டவர்கள். அந்நிலையை மாற்றியது 1963-ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகம் செய்த ஒலிநாடாப் பேழை. இப்பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 1976-ஆம் ஆண்டில் ‘அன்னக்கிளி’யின் வாயிலாகப் புகழ்பெற்றார், அவர் பாட்டுகளை எளிய வீடுகளுக்குள் கொண்டுசென்றது அந்நாடாவே. விரும்பிய பாட்டுகளைக் காகிதத்தில் எழுதிக் கடையில் கொடுத்துப் பதிந்து வாங்கியவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். 1984-இல் வெளிவந்த ‘விதி’ படத்தின் கதை வசனம் தேநீர்க் கடைதோறும் ஒலித்ததும் நாடாவாலேயே.

1982-இல் குறுந்தகடு வந்தது; ஒரு தகடு 74 நிமிட இசையைத் தாங்கியது. காது உணராத நுண்ணொலிகளை விலக்கிப் பாட்டைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கும் முறை 1995-இல் ‘எம்பி3’ என்று பெயர் பெற்றது. பாட்டு தட்டை விட்டு இறங்கியது அப்பொழுதுதான். நகம் அளவே உள்ள நினைவட்டையில் ஆயிரம் பாட்டுகள் அடங்கின. இன்று திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்ணும் கிட்டப்பாவைக் கேட்கலாம். இதனைக் குறை கூறுவது பொருந்தாது.

ஆனால் இறக்கிய பாட்டுகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. பூட்டின்றி நம் அட்டையில் இறங்கிய பாட்டு நம்முடையது. பூட்டோடு வருவதும், கேட்குந்தோறும் தொலைவிலிருந்து வந்து மறைவதும் நம்முடையன அல்ல. அவை நமக்குக் கிடைத்த அனுமதிகள். 2009-ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம், தான் விற்ற மின்னூல்கள் சிலவற்றை வாங்கியோர் கருவிகளிலிருந்தே நீக்கிப் பணத்தைத் திருப்பித் தந்தது. விற்ற இசைத்தட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள எந்தக் கடைக்காரராவது வீடு புகுந்ததுண்டா? இத்தகைய விற்பனையில் கிடைப்பது உரிமையன்று, அனுமதியே என்பதை வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்னும் சட்டம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது.

இப்பள்ளத்தாக்கின் உழவருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. ஆற்றில் ஓடும் நீர் மேலே மதகு திறந்திருக்கும் வரையில்தான் வரும்; கண்மாயில் தேக்கிய நீரே கோடையில் பயிரைக் காக்கும். ஆற்றையும் வேண்டாமென்பாரில்லை, கண்மாயைத் தூர்ப்பாருமில்லை.

தட்டும் அழியக்கூடியதே, நாடாவில் பூஞ்சை படரும், தகடு கீறும். ஆகவே பழையதைப் புதியதில் படியெடுத்து, இரண்டையும் பேணுவதே அறிவுடைமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவுக்கு அளிக்கும் உரிமைக்காலம், அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள். எனவே கிட்டப்பா காலத்துத் தட்டுகளின் ஒலிப்பதிவுரிமை முடிந்துவிட்டது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிலையங்கள் பழைய தட்டுகளைப் பேணி வருகின்றன.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கலாம். பழைய பொருள் வாங்குபவரின் குரல் தெருவில் கேட்கும்போது, அதனை எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். வேறெங்கும் கிடைக்காத ஒரு குரல் அதில் உறங்கிக்கொண்டிருக்கலாம்.