கொலாபாவின் காந்த ஊசி

மலையுச்சியில் அமைந்த வானாய்வு நிலையங்களுக்குக் காட்டுத்தீ பெரும்பகை. 2003 ஜனவரி 18 அன்று ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஸ்ட்ரோம்லோவில் தொலைநோக்கிகள் பல தீக்கு இரையாயின. 2009இல் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் நிலையத்தைத் தீயணைப்போர் போராடிக் காத்தனர். நாம் வாழும் மும்பையிலும் ஓர் ஆய்வு நிலையத்தை நோக்கி ஆபத்து வந்ததுண்டு. அது தீயன்று, மின்சார டிராம் வண்டி!

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1826இல் கொலாபாவில் அந்நிலையத்தை நிறுவினர். பூமியின் காந்த விசையை அளக்கும் பணி அங்கே 1841இல் தொடங்கி, 1846 முதல் இடையறாது நடைபெற்றது. 1859 செப்டம்பரில் சூரியனிலிருந்து எழுந்த பெரும் புயல் பூமியைத் தாக்கியபோது, கொலாபாக் கருவிகள் அதைப் பதிவு செய்தன. அப்பதிவை அறிஞர்கள் இன்றும் ஆராய்கின்றனர்.

குதிரைகள் இழுத்துவந்த டிராம்களை மின்சாரத்தால் ஓட்டப் பின்னர் ஏற்பாடாயிற்று. டிராமை இயக்கும் மின்னோட்டம் தண்டவாளத்தின் வழியே திரும்புகையில் ஒரு பகுதி மண்ணில் கசியும். அதன் காந்த விளைவு நுண்ணிய ஊசியை அலைக்கழிக்கும். பூமியால் நேர்ந்த அசைவு எது, டிராமால் நேர்ந்தது எது என்று பிரித்தறிதல் அரிதாகிவிடும். நகரத்தாருக்கோ டிராம் இன்றியமையாதது. யாது செய்வது?

அந்நிலையத்தின் முதல் இந்திய இயக்குநர் நானாபாய் மூஸ். அவர் காலத்தில், கடலுக்கு அப்பால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தெற்கே, அலிபாக்கில், இரும்பைத் தவிர்த்துக் கட்டிய புதிய நிலையம் 1904இல் எழுந்தது. ஆயினும் பழையதை உடனே மூடிவிடவில்லை. காந்த அளவு இடத்துக்கு இடம் வேறுபடும். அவ்வேறுபாட்டைக் கணக்கிட்டாலன்றிப் பழைய தொடரும் புதிய தொடரும் இணையா. ஆகவே 1906 வரை இரு நிலையங்களும் ஒருங்கே அளந்தன. அதன்பின்னரே கொலாபாவில் காந்த அளவீடு நின்றது. 1907 மே 7இல் மின்சார டிராம் ஓடிற்று. 1846 முதல் 1905 வரையிலான அளவுகளைத் தொகுத்து மூஸ் 1910இல் வெளியிட்டார்.

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய நமக்கு இச்செய்தியின் அருமை எளிதில் விளங்கும். இடம் பெயர்வது பெரிதன்று. பழைய கணக்கு அறுபடாமல் பெயர்வதே பெரிது.

மும்பையின் கடைசி டிராம் 1964 மார்ச் 31இல் தாதரோடு தன் ஓட்டத்தை முடித்துக்கொண்டது. அலிபாக் நிலையமோ இன்றும் அளந்துகொண்டிருக்கிறது. வருமுன் காத்தவர்கள் விட்டுச்சென்ற செல்வம் அது.