பூங்காவும் வடிகாலும்: சென்னை மாநகராட்சித் திட்டமிடலில் ஒரு பிரிவின் வரலாறு

சென்னை மாநகராட்சியில் பூங்காக்களுக்கு ஒரு துறை, மழைநீர் வடிகால்களுக்கு இன்னொரு துறை. மதிப்பீடும் ஒப்பந்தப்புள்ளியும் பொறியாளரும் தனித்தனி. பூங்கா மேம்பாடு என்று மாமன்றத்தில் தீர்மானம் வந்தால் நடைபாதை, விளக்கு, சிறுவர் ஊஞ்சல், சுற்றுச்சுவர் என்று பட்டியல் நீளும். வடிகால் சீரமைப்பு என்றால் தூர்வாருதல், உடைந்த மூடியை மாற்றுதல், விடுபட்ட இணைப்பைச் சேர்த்தல். முதற்பட்டியலில் மழைநீர் அண்மைக்காலம் வரை இடம்பெற்றதில்லை. இரண்டாவதில் மண்ணும் மரமும் இடம்பெற்றதில்லை.

இந்தப் பிரிவினை நிர்வாக வசதிக்காக மட்டும் வந்ததல்ல. தண்ணீர் எங்கே நிற்கலாம், எங்கே ஓடவேண்டும் என்ற ஒரே கேள்வியை நகர நிர்வாகம் படிப்படியாக இரண்டாகப் பிரித்ததன் விளைவு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இன்றுவரை அந்தப் பிரிவு வளர்ந்த விதத்தையும், அண்மை ஆண்டுகளில் அதை ஒட்டவைக்க நடக்கும் முயற்சிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலத்தின் இயல்பு

சென்னை ஏறத்தாழத் தட்டையான கடற்கரை நிலம். நகரின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 2 முதல் 10 மீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடும். ஆண்டு மழை சராசரியாக 140 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டும். அதே மாதங்களில் கடல் கொந்தளிப்பும் ஓதமும் கூவம், அடையாறு முகத்துவாரங்களில் வெள்ளத்தைத் தடுத்து நிறுத்துவது வழக்கம். இப்படிப்பட்ட ஊரில் மழைநீரை உடனே கடலுக்குத் தள்ளிவிட முடியாது. சில மணி நேரமாவது அதை எங்கேயாவது நிறுத்திவைத்தாக வேண்டும். ஏரி, குளம், தாங்கல் எல்லாம் அந்த வேலையைச் செய்துவந்தன. நகரம் அவற்றின்மேல் பரவியபோது அந்த வேலை யாருடைய பொறுப்பு என்பதே கேள்வியானது.

பதினொரு குளங்கள் கொண்ட பூங்கா

1688-இல் செயல்படத் தொடங்கிய மாநகராட்சியின் கைக்கு ஒரு பெரிய பொதுப் பூங்கா வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெலியன் தம் குறுகிய பதவிக்காலத்தில், பெரியமேட்டை ஒட்டிய பள்ளமான நிலத்தில் மக்கள் பூங்காவைத் தொடங்கினார். பரப்பு 116 ஏக்கர். நெரிசல் மிகுந்த கறுப்பர் நகரத்துக்கு மூச்சுவிட ஓர் இடம் வேண்டும் என்பது நோக்கம். விலங்குக் காட்சிச்சாலை, பொதுக் குளியலிடம், இசைமேடை எல்லாம் அங்கே வந்தன. ஆனால் இக்கட்டுரைக்கு முக்கியமானது வேறொன்று: அந்தப் பூங்காவுக்குள் பதினொரு குளங்கள் இருந்தன. தாழ்வான நிலத்தைப் பூங்காவாக்கும்போது நீருக்கும் அங்கே இடம் ஒதுக்கும் வழக்கம் அன்று இயல்பாகவே இருந்தது.

அந்த நிலம் பூங்காவாக நிலைக்கவில்லை. 1880-களின் இறுதியில் விக்டோரியா பொது அரங்கம், 1900-இல் மூர் மார்க்கெட், பின்னர் மாநகராட்சியின் சொந்தத் தலைமையகமான ரிப்பன் மாளிகை என ஒவ்வொன்றாகக் கட்டடங்கள் எழுந்தன. ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது 1913 நவம்பரில். பிற்காலத்தில் விளையாட்டு அரங்கமும் வந்தது. விலங்குகள் 1985-இல் வண்டலூருக்குப் போயின. இன்று அங்கே எஞ்சியிருக்கும் பசுமை மை லேடீஸ் பூங்கா போன்ற சிறு துண்டுகள்தான். பூங்கா நிலத்தைக் காக்கவேண்டிய உள்ளாட்சியே தன் அலுவலகத்தை அங்கே எழுப்பியது. நீர் நிற்கும் வெற்றிடத்தைக் கட்டடத்துக்கான கையிருப்பாகப் பார்க்கும் மனப்போக்கு அப்போதே நிர்வாகத்துக்குள் வந்துவிட்டது.

குழாய்க்குள் போன சுகாதாரம்

இதே காலத்தில் வடிகால் என்ற பொருள் வேறு திசையில் நகர்ந்தது. 1865-இல் கேப்டன் ஹெக்டர் டல்லோக் சென்னை நகரின் வடிகால் திட்டம் குறித்து விரிவான அறிக்கை அளித்தார். காலராவும் காய்ச்சலும் அன்றைய பெரும் அச்சம். எனவே வடிகால் என்றால் முதலில் கழிவுநீர் என்றாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே. டபிள்யூ. மேட்லி நகர் முழுவதற்குமான குடிநீர், கழிவுநீர் ஏற்பாடுகளை வடிவமைத்தார். 1910-இல் உருவான கழிவுநீர்த் திட்டம், 1961-இல் மக்கள்தொகை 6.6 லட்சமாக இருக்கும் என்றும், தலைக்கு நாளொன்றுக்கு 114 லிட்டர் கழிவுநீர் வரும் என்றும் கணக்கிட்டது. கணக்கின் அலகு மனிதத் தலை. நிலத்தின் சரிவும் ஏரியின் கொள்ளளவும் அந்தக் கணக்கின் மையத்துக்கு வரவில்லை.

அதற்கு மாற்றான குரலும் அன்றே ஒலித்தது. ஸ்காட்லாந்து நாட்டு நகரத் திட்டச் சிந்தனையாளர் பாட்ரிக் கெடஸ் 1915-இல் சென்னையில் தம் நகரத் திட்டக் கண்காட்சியை நடத்தினார். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்த்துவிடுவதை அவர் இந்திய நகரங்கள் பற்றிய தம் அறிக்கைகளில் எதிர்த்தார். குளத்தைத் துப்புரவு செய்து மீன் விட்டுக் காப்பதே வழி, அதைச் சுற்றித் தோட்டம் அமைக்கலாம் என்பது அவர் வாதம். அவருக்குப் பின் அரசின் நகரத் திட்ட ஆலோசகரான எச். வி. லான்செஸ்டர் 1918-இல் சென்னை மாகாண நகரத் திட்டம் பற்றி நூல் எழுதினார். 1919-இல் சென்னை நகர மாநகராட்சிச் சட்டமும், 1920-இல் நகரத் திட்டச் சட்டமும் வந்தன. கருவிகள் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. அவை முதலில் பயன்பட்ட இடம் ஓர் ஏரி.

ஏரிப்படுகையில் எழுந்த நகர்

மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் சேர்ந்து நகரின் மேற்கெல்லையில் ஆறு கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடந்தன. ஆங்கிலேயர் அதை நெடிய ஏரி என்றே அழைத்தனர். வீட்டுமனைத் தேவை பெருகவே 1920-களில் ஏரியின் நீரை வடித்து மாம்பலம் குடியிருப்புத் திட்டம் தொடங்கியது. மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் பெயரால் அது தியாகராய நகர் ஆனது. நடுவில் பனகல் பூங்கா. அதைச் சுற்றி வட்டச் சாலை. அங்கிருந்து கதிர்போல் விரியும் தெருக்கள். தமிழகத்தில் வரைபடத்தின் நடுவே பூங்காவை வைத்து எழுந்த குடியிருப்புகளுள் இது முன்னோடி. நகரத் திட்டம் என்ற வகையில் அது சாதனைதான்.

மக்கள் பூங்காவோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் தெரியும். அங்கே பள்ளமான நிலம் குளங்களோடு பூங்காவானது. இங்கே ஒரு முழு ஏரி மனைகளாகி, அதன் நினைவாக ஒரு பூங்கா மட்டும் மிஞ்சியது. அந்தப் பூங்காவுக்கும் நீரை வாங்கிக்கொள்ளும் பொறுப்பு இல்லை. ஏரியின் வேலை முழுவதும் மாம்பலம் கால்வாய் என்ற ஒற்றை ஓடையின் தலையில் விழுந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து தியாகராய நகர், நந்தனம் வழியாக அடையாற்றில் சேரும் இந்தக் கால்வாய் வழிநெடுகச் சுருங்கியது. ஏரியின் கடைசி எச்சமும் 1970-களில் இடிபாடுகள் கொட்டி நிரப்பப்பட்டு வள்ளுவர் கோட்டமானது. மழை மட்டும் பழைய படுகையைத் தேடித்தான் இன்றும் வருகிறது.

நிலத்துக்குச் சட்டம், நீருக்கு யார்?

விடுதலைக்குப்பின் திறந்தவெளிகளைக் காக்க ஒரு முக்கியமான முயற்சி நடந்தது. 1959-இல் இயற்றிய பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம், உள்ளாட்சிகள் தங்கள் எல்லைக்குள் உள்ள அத்தகைய இடங்களைப் பட்டியலிட்டுக் காக்க வழிசெய்தது. பின்னாளில் பெருநகர வளர்ச்சிக் குழும விதிகளும் பெரிய மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்கச் சொன்னன. இன்று மாநகராட்சியிடம் உள்ள பூங்காக்கள் 700-க்கு மேல். அவற்றில் கணிசமானவை இப்படி வந்த சிறு நிலங்கள். ஆனால் இந்த விதிகள் கேட்டது பரப்பளவை. ஒப்படைக்கும் நிலம் மனைப்பிரிவின் தாழ்வான மூலையில் இருக்கவேண்டுமா, தெருநீர் அதற்குள் வரவேண்டுமா என்று அவை கேட்கவில்லை. பூங்கா என்பது சுவருக்குள் காக்கப்படும் சொத்து என்றானது.

நீரைப் பொறுத்தவரை பொறுப்பு சிதறியது. 1973-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் கலைக்கப்பட்டது. 1996 வரை நகரம் தனி அலுவலர்களின் கீழ் இருந்தது. இடையே 1978-இல் குடிநீரும் கழிவுநீரும் புதிய வாரியத்துக்குப் போயின. மழைநீர் மட்டும் மாநகராட்சியிடம் தங்கியது. பக்கிங்காம் கால்வாயும் ஓட்டேரி நல்லாவும் பொதுப்பணித் துறையிடம் இருந்தன. ஒரே தெருவில் விழும் மழை வாசலில் மாநகராட்சிக்கும், சற்றுத் தள்ளிப் பொதுப்பணித் துறைக்கும் சொந்தமாக இருந்தது. வழியில் கழிவுநீர் கலந்தால் வாரியத்துக்கும் பங்கு இருந்தது. பக்கிங்காம் கால்வாயின் நகரப் பகுதியில் பறக்கும் ரயிலின் தூண்கள் இறங்கியதும் இந்தக் காலத்தில்தான்; கடற்கரை முதல் சேப்பாக்கம் வரை ரயில் ஓடத் தொடங்கியது 1995-இல்.

சாலையோரப் பெட்டி

உரிமை சிதறியபின் மாநகராட்சியின் கையில் முழுமையாக இருந்தது சாலைதான். ஆகவே மழைநீர் வடிகால் சாலையின் துணைப்பொருளானது: சாலையோரம் பள்ளம் தோண்டி, கான்கிரீட் பெட்டி கட்டி, மூடி போட்டு, அதன்மேல் நடைபாதை அமைக்கும் வேலை. இதன் பலவீனங்களைத் தெருவில் நின்றே பார்க்கலாம். சாலைநீர் வடிகாலுக்குள் இறங்குவது நடைபாதை விளிம்பில் விட்டிருக்கும் சிறு திறப்பின் வழியாக. அதை ஒரு பிளாஸ்டிக் உறையும் கைப்பிடி வேப்பஞ்சருகும் அடைத்துவிடும். திறப்புக்குப் பின்னே வண்டல் தொட்டி இருந்தால் மண் அங்கே தங்கும். இல்லாவிட்டால் நேரே வடிகாலுக்குள் படியும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலுக்குமேல் போடும்போது சாலை உயர்கிறது. திறப்பு பள்ளத்தில் போகிறது, வீட்டு வாசலும் போகிறது. பூங்காக்காரர் அதே ஆண்டில் நடைபாதைக்கு மண் கொட்டி உயர்த்தியிருப்பார். தெருவிலேயே நீரை வாங்கக்கூடிய ஒரே மண்தரை தெருவைவிட உயரமாகிவிடும்.

2011-இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. நகராட்சிகள், பேரூராட்சிகள், ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகள் அதில் இணைந்தன. ஏரிகளும் சதுப்புநிலமும் நிறைந்த புறநகர்கள் அவை. வடிகால் கட்டமைப்பு சொற்பம். 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி வெளியேறியது. அந்த வெள்ளத்தை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபின், நீர்நிலை ஆக்கிரமிப்பும் அணை நிர்வாகமும் மீண்டும் பொது விவாதத்துக்கு வந்தன. ஆயினும் அடுத்து வந்த பெருந்திட்டங்களின் மையம் கான்கிரீட்தான். ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் 25.1 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்ட கொசஸ்தலையாறு வடிநிலத் திட்டத்தில் 588 கிலோமீட்டர் புது வடிகால் அடங்கும். அதே திட்டம் நிலத்தடிக்கு நீர் இறங்க 23,000 தொட்டிகளையும் சேர்த்துக்கொண்டது. ஓடவிடும் வடிகாலுக்குள்ளேயே ஊறவிடும் ஏற்பாடும் எட்டிப்பார்த்தது.

மாம்பலம் கால்வாய், 2021

பிரிவின் முழுப் பொருளும் 2021 நவம்பரில் தியாகராய நகரில் வெளிப்பட்டது. பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019-இல் திறக்கப்பட்டபின், சீர்மிகு நகரத் திட்டத்தில் மாம்பலம் கால்வாய்ப் பணி நடந்துகொண்டிருந்தது. கரையில் நடைபாதையும் பசுமையும், நடுவே சீரான நீரோட்டமும் என்பது கனவு. பூங்காவும் வடிகாலும் ஒரே திட்டத்தில் சந்தித்த அரிய வாய்ப்பு. நவம்பர் 6 இரவு தொடங்கி நுங்கம்பாக்கத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தியாகராய நகர் பல நாட்கள் தண்ணீரில் நின்றது. கால்வாயில் கிடந்த கட்டுமான இடிபாடுகள் நீரை மறித்தன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவற்றை அள்ளும் வேலை மழைக்கு நடுவிலேயே நடந்தது. அழகுபடுத்தலும் வடிகாலும் ஒரு திட்டத்தில் சேர்ந்தால் மட்டும் போதாது, பருவமழைக்கு முன் எது முடியவேண்டும் என்ற வரிசையும் வேண்டும் என்பதே அந்த நிகழ்வின் பாடம். அதே மாதம் ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அலுவலர் வெ. திருப்புகழ் தலைமையில் அரசு வெள்ளத் தணிப்புக் குழு ஒன்றை அமைத்தது. அதன் இறுதி அறிக்கை 2023-இல் வந்தது.

பூங்காவுக்குள் திரும்பும் நீர்

2022-க்குப்பின் மாநகராட்சி ஐம்பதுக்கு மேற்பட்ட பூங்காக்களில் ‘ஸ்பாஞ்ச் பூங்கா’ வேலையை எடுத்துக்கொண்டது. பூங்காவின் ஒரு பகுதியைத் தாழ்வாகத் தோண்டிக் குட்டையாக்கி, நீர் விரைவாக மண்ணுக்குள் இறங்க வழிசெய்வது இதன் சாரம். மழை நாளில் அது குட்டை. மற்ற நாட்களில் புல்தரை. 2024 செப்டம்பரில் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் 160 ஏக்கர் நிலத்தை அரசு மீட்டபின், வேளச்சேரி பக்கம் பாயும் வெள்ளத்தைத் தாங்க அங்கே குளங்கள் வெட்டப்பட்டன. திறந்தவெளியின் முதல் வேலை நீரைத் தாங்குவது என்ற எண்ணம், மக்கள் பூங்காவுக்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து, மீண்டும் நிர்வாகக் கோப்புக்குள் வந்திருக்கிறது.

இதன் எல்லையையும் சொல்லவேண்டும். தெருநீர் வந்து சேர இணைப்பு இல்லாத குட்டை தன்மேல் விழும் மழையை மட்டுமே வாங்கும். இணைப்பு இருந்தால், கழிவுநீர் கலந்த வடிகால்நீர் பூங்காவுக்குள் வந்துவிடும் அபாயம் உண்டு. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்த கடலோரப் பகுதிகளில் நவம்பரில் மண்ணே நிறைந்திருக்கும். எனவே எந்தப் பூங்காவில் குட்டை, எந்தத் தெருவின் நீர், எந்த வழியாக, நிறைந்தபின் எங்கே என்று வடிநில வரைபடத்தை வைத்து முடிவு செய்யவேண்டிய வேலை இது. சிங்கப்பூரில் பீஷான் பூங்காவை ஒட்டிய 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை 2012-இல் பூங்காவுக்குள் வளைந்தோடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றியபோது, நீர்வள அமைப்பும் பூங்கா வாரியமும் ஒரே திட்டமாக அதைச் செய்தன. அங்கே மழையும் நிலமும் வேறு, அளவும் வேறு. நிர்வாகப் பாடம் மட்டும் இங்கேயும் செல்லும்.

முடிவுரை

மூன்று கட்டங்கள் இந்த வரலாற்றில் தெளிவாகின்றன. முதற்கட்டத்தில் பள்ளமான நிலம் குளங்களோடு பூங்காவானது. இரண்டாம் கட்டத்தில் பூங்கா சட்டம் காக்கும் நிலப்பரப்பாகவும், வடிகால் சாலையோரக் கட்டுமானமாகவும் பிரிந்தன. நடுவில் இருந்த ஏரி யாருடைய கணக்கிலும் இல்லாமல் மறைந்தது. மூன்றாம் கட்டம் இப்போது தொடங்கியிருக்கிறது. அது இன்னும் பழைய இரண்டு துறைகளின் வழியாகவே நடக்கிறது. வார்டில் பூங்காவைச் சீரமைக்க மதிப்பீடு போடும்போது அதன் தரைமட்டத்தையும் சுற்றுத் தெருக்களின் மட்டத்தையும் அளந்து எழுதுவதும், வடிகால் மதிப்பீட்டில் அருகிலுள்ள திறந்தவெளி எவ்வளவு நீரைத் தாங்கும் என்று குறிப்பதும் கட்டாயமானால், பிரிவு கோப்பிலேயே குறையத் தொடங்கும். அதற்குப் புதிய சட்டம் வேண்டாம். இரண்டு துறைகளும் ஒரே மட்டக் கணக்கில் கையெழுத்திட்டால் போதும்.