வைக்கோலில் வந்த விருந்தாளி

லேவியர் நூலின் 14ஆம் அதிகாரத்தில் விந்தையான ஒரு விதி உண்டு. வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை படருமாயின், வீட்டுக்காரர் குருவிடம் சென்று தெரிவிக்க வேண்டும். குரு வந்து பார்த்து வீட்டை ஏழு நாள் பூட்டிவைக்க வேண்டும். கறை பரவியிருந்தால் அக்கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே எறியச் சொல்ல வேண்டும். பூஞ்சணத்தைச் சோதிப்பதும் அக்காலத்தில் குருத்துவப் பணியாயிருந்தது! அப்பணி எங்களை விட்டு நீங்கியதற்காக நான் வருந்தியதில்லை. ஆனால் அழிவின் அடையாளமான அதே பூஞ்சணத்தை மனிதன் அடுக்களைக்குள் அழைத்து, விதைநெல்லைப் போலப் பேணி, பயற்றிலும் பருப்பிலும் பாலாடைக்கட்டி செய்யப் பழக்கிய வரலாறு நாம் அறியத்தக்கது.

தாவரப் பாலாடைக்கட்டி இன்றைய நாகரிகத்தின் கண்டுபிடிப்பு என்று எண்ணுவோர் பலர். இடைக்கால ஐரோப்பாவின் தவக்காலச் சுத்தபோசனத்தை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அன்று இறைச்சி மட்டுமன்று, முட்டை, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி அனைத்துமே விலக்கு. பிரான்சின் ருவான் பேராலயத்தில் 1485இல் எழத் தொடங்கிய கோபுரத்துக்கு 'வெண்ணெய்க் கோபுரம்' என்றே பெயர். தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெற்றோர் தந்த பணத்தால் எழுந்தது என்பர். வசதி படைத்த வேறு சிலர் வாதுமையை நாடினர். இங்கிலாந்து அரசர் இரண்டாம் ரிச்சர்டின் சமையற்காரர்கள் 1390ஐ ஒட்டித் தொகுத்த நூலில், வாதுமைப் பாலைக் கொதிக்கவைத்து, காடி விட்டுத் திரித்து, துணியில் வடிக்கும் முறை காணப்படுகிறது. ஆயினும் அது அன்றே உண்ணும் பண்டம். திரிப்பது எளிது, முதிரச் செய்வதே அரிது. அதற்குப் பூஞ்சணம் வேண்டும்.

அக்கலை கீழ்த்திசையில் வளர்ந்தது. 1676இல் மத்ரித்தில் நூல் வெளியிட்ட நவரெத்தே என்னும் சாமிநாதர் சபைத் துறவி, பயற்றுப் பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி போல் வார்க்கும் தோஃபுவைச் சீனாவில் அரசனும் ஏழையும் உண்பதை விவரித்தார். சீனச் சடங்குகள் பற்றிய வாதத்தில் கடுமை காட்டிய அவர், இவ்வுணவைப் பற்றி எழுதும்போது கனிந்துவிடுகிறார். அந்தத் தோஃபுவைச் சீனர் குளிர்காலத்தில் வைக்கோல்மீது பரப்பிவைத்தனர். வைக்கோலில் உறைந்திருந்த பூஞ்சணம் சில நாள்களில் வெண்பஞ்சு போல் அதைப் போர்த்தியது. பின்பு உப்பிட்டு, அரிசி மது சேர்த்துச் சாடிகளில் மாதக்கணக்கில் மூடிவைத்தனர். உப்பில் பூஞ்சணம் மடிகிறது. அது விட்டுச்சென்ற நொதிகளோ புரதத்தை உடைத்து, கட்டியை வெண்ணெயாய்க் குழைத்துச் சுவையேற்றுகின்றன. மறையுரைக்கு இதனினும் நல்ல உவமை எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் வைக்கோல் எதைத் தரும் என்பதற்கு உறுதியில்லை. குளிர் குறைந்தால் வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். 1929இல் சீன ஆய்வாளர் ஒருவர் இக்கட்டியிலிருந்து ஒரு பூஞ்சணத்தைத் தனியே பிரித்து, 'மியூக்கர் சூஃபு' எனப் பெயரிட்டு 'சயன்ஸ்' இதழில் அறிவித்தார். அதன்பின் தூய வளர்ப்பு முறை பரவியது. தேர்ந்தெடுத்த ஓர் இனத்தை, பெரும்பாலும் 'ஆக்டினோமியூக்கர் எலிகன்ஸ்' என்பதை, வளர்த்து, அதன் வித்துகளை நீரில் கலந்து தோஃபுவின்மேல் தெளித்தனர். 25 பாகை வெப்பத்தில் இரண்டே நாளில் போர்வை விரியும்.

பிரான்சிலும் இதே தூய்மை வேட்கை எழுந்தது. புரட்சிக் காலத்தில், மனச்சான்றுக்கு மாறாக ஆணையிட மறுத்து ஒளிந்திருந்த குரு ஒருவரே 1791இல் மரி அரேல் என்னும் பெண்ணுக்குக் கமம்பேர் செய்யும் நுணுக்கத்தைக் கற்பித்தார் என்பது கதை. (அதற்கு முன்பே அவ்வூர்ப் பாலாடைக்கட்டி பேசப்பட்டது என வரலாற்றாசிரியர் சொல்வதைக் குருக்களாகிய நாங்கள் காதில் வாங்குவதில்லை.) அக்காலக் கமம்பேரின் மேற்புறம் நீலமும் சாம்பலுமாயிருந்தது. 20ஆம் நூற்றாண்டில் வெள்ளை நிறமே வேண்டுமெனக் கருதி, 1906இல் 'பெனிசிலியம் கமம்பெர்ட்டி' எனப் பெயர்பெற்ற வெண்பூஞ்சணம் ஒன்றையே எங்கும் பரப்பினர். விளைவு? ஒரே வழித்தோன்றலாகவே பெருக்கப்பட்ட அது இனப்பெருக்க ஆற்றலை இழந்தது. போதிய வித்துகளைப் பெறுவதே கடினமாகிவிட்டதென 2024இல் பிரெஞ்சு தேசிய அறிவியல் ஆய்வு மையம் எச்சரித்தது. களையென்று தோன்றுவதை அவசரப்பட்டுப் பிடுங்காதீர் என்ற வயல் உவமை என் நினைவுக்கு வருகிறது.

இன்று முந்திரிப்பருப்பை அரைத்துப் புளிக்கவைத்து, இதே வெண்பூஞ்சணத்தை அதன்மேல் வளர்க்கின்றனர். பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொணர்ந்த முந்திரி நமக்குப் புதிதன்று. குமரி மாவட்டத்து 'அண்டி ஆபீசு'களில் அதை உடைத்து விரல் கறுத்த தாய்மாரை நாம் அறிவோம். பசுவின் பாலுக்கென்று பழகிய பூஞ்சணம் பருப்பில் அதே சுவையைத் தருவதில்லை; ஆகவே புதிய இனங்கள் தேவைப்படுகின்றன. அவற்றுக்குக் காட்டுப் பூஞ்சணமே ஊற்று. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பாலாடைக்கட்டி கலந்த ஊடகத்தில் மீண்டும் மீண்டும் வளர்க்கப்பட்ட நீலப்பச்சைக் காட்டுப் பூஞ்சணம், சில வாரங்களிலேயே நிறம் வெளுத்து நச்சுப்பொருளும் குறைந்தது. பருப்புக்கும் பயற்றுக்கும் இவ்வாறே ஒன்றைப் பழக்கிவிட முடியுமெனும் நம்பிக்கை அதிலிருந்து பிறக்கிறது.

சீனத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் இன்னும் குளிர்காலம் வந்ததும் தோஃபுவை வைக்கோல்மீது பரப்பி, வருவது வரட்டும் என்று காத்திருக்கிறார்கள்.